பிடிக்குள் இருக்கும் துருவைத் தேய்த்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்குகிறது. அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் ரொம்ப உதவியாக இருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்தே நாலு வீட்டுப் பரணில் ஜப்பான் வாள் இருக்கிறது. ஒரு வீட்டில் பட்டாளத்தில் இருந்த தாத்தா கொண்டுவந்தது, இன்னொரு வீட்டில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தபோது துணி மூட்டைக்குள் வந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை இறக்கி, துடைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் செருகி, மறுபடியும் பரணில் ஏற்றிவிடுகிறோம். அந்த ஒரு நாளில்தான் அந்த வாளுக்கு எல்லாக் கெடுதலும் நடக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். செய்தது நான்தான்.

என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் ஜமேதாராக இருந்தவர். பர்மாவில் ஆற்றுக்கு ஆறு பாலம் போட்டுக்கொண்டே போய், 1945 கடைசியில் மலாயாவில் இருந்திருக்கிறார். ஜப்பான் சரணடைந்த பிறகு அவர்களுடைய அதிகாரிகள் வரிசையாக வந்து வாளைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள் என்றும், குவிந்து கிடந்ததில் ஒன்றைத் தன் ஆபீசர் தனக்குக் கொடுத்தார் என்றும் சொல்வாராம். சொல்வாராம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு நாலு வயது இருக்கும்போதே அவர் போய்விட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நைனா சொன்னதும் ஆயா சொல்லாமல் விட்டதும்தான்.

ஆயாவுக்கு அந்த வாள் வீட்டுக்குள் இருப்பதே பிடிக்காது. அவருடைய தம்பி மலாயாவில் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவர். 1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபின் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாகத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்களே, அதில் போனவர் திரும்பவில்லை. அதே 1942 ஏப்ரலில் இங்கே மெட்ராசே காலியானது, ஆயா கைக்குழந்தையோடு மாட்டுவண்டியில் பொன்னேரிப் பக்கம் போனார். இவ்வளவும் பார்த்த மனுஷியிடம், மூன்று வருஷம் கழித்து வந்த புருஷன் ஒரு ஜப்பான் வாளைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? "அந்த எழவ சாமி ரூம்ல வெக்காத" என்பாராம். ஆயுத பூஜை அன்றைக்கு வாளை இறக்கும்போது ஆயா பின்கட்டுக்குப் போய்விடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, நான் செய்ததற்கு வருகிறேன். 19 வயதில் பெரம்பூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் சேர்ந்தேன். துரு என்றால் எதிரி, பளபளப்பு என்றால் மரியாதை, அங்கே கற்றுக்கொண்டது அதுதான். 1987இல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வாளின் பிடி ஆடுகிறதே என்று பார்த்தால், குறுக்கே ஒரு மூங்கில் ஆணி. மக்கிப் போயிருந்தது. அதைத் தட்டி எடுத்ததும் பிடி அப்படியே கழன்று வந்தது. உள்ளே அலகின் வால் பகுதி, நம் அரிவாளில் பிடிக்குள் இறங்கியிருக்கும் காம்பு மாதிரி, முழுக்கத் துரு. துருவுக்கு நடுவில் ஏதோ கீறல்கள். யாரோ ஆணியால் கிறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். 80ஆம் நம்பர் எமரி பேப்பர் எடுத்து ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்தேன். வெள்ளி மாதிரி வந்தது. நைனா பார்த்துவிட்டு "சூப்பரா இருக்குடா" என்றார். மறுபக்கம் பாதி தேய்க்கும்போது கை ஓய்ந்துபோய் விட்டுவிட்டேன். மூங்கில் ஆணிக்குப் பதில் ஒரு போல்ட் போட்டு முறுக்கினேன். 35 வருஷத்துக்கு மேல் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துத் தெருப் பெண், ஜப்பானிய மொழி படித்து ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவள், வாளைப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். பிடியைக் கழற்றிக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாக, "பெரியப்பா, இதத் தேச்சிட்டீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியின் தொனியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஜப்பான் வாளில் செய்தவன் பெயரை அலகிலோ பிடியிலோ உறையிலோ போடுவதில்லை. அந்தக் காம்பில்தான் உளி வைத்து வெட்டுகிறார்கள், பிடி மாட்டினால் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் கையெழுத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை கேட்பதற்கு நம் 'மெய்' மாதிரியே இருக்கிறது. பொய்யாக வெட்டிய பெயருக்கு 'கிமெய்' என்கிறார்கள். நான் யாருடைய மெய்யைத் தேய்த்து எடுத்தேன் என்பதுதான் இன்றுவரை தெரியாமல் இருக்கிறது.

மிஞ்சியது இவ்வளவு. பெயரில் இரண்டு எழுத்து. முதல் எழுத்து 'கனே' என்று அவள் படித்துவிட்டாள். இரண்டாவது எழுத்தில் அடியில் இரண்டு கோடு மட்டும் இருக்கிறது. பெயருக்கு மேலே பயறு அளவுக்கு ஒரு முத்திரை, இரண்டு கதவு எதிரெதிரே நிற்பது போன்ற எழுத்து, அது 'செகி' என்ற ஊரின் பெயர். கிஃபு மாகாணத்தில் இருக்கிறது அந்த ஊர், எழுநூறு வருஷமாகக் கத்தி, வாள் அடிக்கிற ஊர், இன்றைக்கும் சமையல் கத்திக்குப் பேர் போனது. அங்கே பரம்பரை பரம்பரையாகக் கொல்லர்கள் தங்கள் பெயரைக் 'கனே' என்றே தொடங்குவார்கள். போர்க்காலத்தில் செகியில் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் அத்தனை பேர். ஆக முதல் எழுத்து மட்டும் தெரிந்தால், வண்ணாரப்பேட்டையில் வந்து 'முருகன்' என்று ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பது போலத்தான். ஆளைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது எழுத்து. அதைத்தான் எமரி தின்றுவிட்டது.

நான் பாதியில் விட்ட மறுபக்கத்தில் வருடம் தப்பித்தது: ஷோவா 18. ஜப்பான் மன்னர் ஹிரோஹிதோவின் ஆட்சிக் கணக்கு அது, அதோடு 1925ஐக் கூட்டினால் நம் வருடம் வரும். 1943. மாதம் போய்விட்டது. அந்த சயாம் ரயில் பாதையை முடித்ததும் 1943 அக்டோபரில்தான். ஆயாவின் தம்பி எங்கோ காட்டில் மண் சுமந்த அதே வருடத்தில் யாரோ ஒரு கொல்லர் செகியில் உட்கார்ந்து இதை அடித்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி, வீட்டில் இப்படி ஒரு வாள் வைத்திருப்பவர்களுக்கு, எனக்குப் பிந்தித் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். முதலில் வெளித்தோற்றத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். ராணுவ அதிகாரிகளின் வாளுக்கு 1934இலும் 1938இலும் வந்த மாதிரிகள்தான் அதிகம் கிடைக்கின்றன: பழுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு உறை, பித்தளையில் செர்ரிப் பூ வேலை, திருக்கை மீன் தோல் மேல் நாடா சுற்றிய பிடி. (அந்தத் தோலை காசிமேட்டுக்காரர்கள் தொட்டுப் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார்கள், என் மச்சான் அப்படித்தான் சொன்னார்.) பிடியில் தொங்கும் குஞ்சத்தின் நிறத்தை வைத்து அதிகாரியின் மட்டம் தெரியும். நீலமும் பழுப்புமாக இருந்தால் லெப்டினன்ட், கேப்டன். சிவப்பும் பழுப்புமாக இருந்தால் மேஜர், கர்னல். எங்கள் வாளில் நீலம் வெளுத்துப்போய்ச் சாம்பல் மாதிரி இருக்கிறது, அதனால் வைத்திருந்தவர் இளைய அதிகாரி. ஆனால் உறை ராணுவத்துடையது என்பதால் உள்ளே இருப்பதும் போர்க்காலத்து அலகுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நிறையப் பேர் வீட்டில் இருந்த 300, 400 வருஷத்து அலகை எடுத்து ராணுவ உறையில் போட்டுக்கொண்டு போருக்கு வந்தார்கள். அதனால்தான் காம்பைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பார்ப்பது கஷ்டமில்லை. மூங்கில் ஆணி ஒரு முனை சிறுத்தும் ஒரு முனை பெருத்தும் இருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் வந்துவிடும். அப்புறம் வாளை நிமிர்த்தி இடது கையில் பிடியைப் பிடித்து, வலது கை முஷ்டியால் இடது மணிக்கட்டில் தட்டினால் அலகு தானாக மேலே எழும்பும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் வேண்டாம், உள்ளே இருக்கும் மரம் பிளந்துவிடும்.

காம்பின் துருதான் வாளின் பிறப்புச் சான்றிதழ். பல நூறு வருஷத்து நிஜத் துரு கறுப்புக்குப் போய்விடும், விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும், கையில் ஒட்டாது. போர்க்காலத்து வாளில் பழுப்பாக இருக்கும், அரம் போட்ட கோடுகள் நேற்றுப் போட்டது போலக் கூர்மையாகத் தெரியும். அந்த அரக் கோடு எந்தச் சாய்வில் போகிறது என்பதை வைத்தே எந்த ஊர்ப் பட்டறை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். புது இரும்பை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு ஏற்றிய துரு செம்மண் மாதிரி உதிரும், 34 வருஷம் இரும்போடு இருந்தவன் என்பதால் இதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆக, அந்தத் துருவை எடுத்துவிட்டால் பெயர் மட்டுமா போகிறது, வயதைச் சொல்லும் சாட்சியும் போய்விடுகிறது.

பெயர் பொதுவாக, வாளின் கூர் மேலே பார்க்கும்படி இடது இடுப்பில் செருகினால் உடம்புக்கு வெளிப்பக்கம் வரும் முகத்தில் இருக்கும். தேதி இருந்தால் உட்பக்கம். படம் எடுக்கும்போது வாளின் முனை மேலே இருக்க வேண்டும், எழுத்து மேலிருந்து கீழாகத்தான் ஓடும். ஓரத்திலிருந்து வெளிச்சம் அடியுங்கள், நேராக ஃப்ளாஷ் போட்டால் ஒன்றும் தெரியாது. எழுத்து மங்கலாக இருந்தால் முகத்துக்குப் போடும் பவுடரைத் துளி தூவி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அந்தப் படத்தோடு விஷயம் தெரிந்தவரிடம் போங்கள். வாளைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகாதீர்கள்.

பெயரே இல்லை என்றால் மட்டமான வாள் என்று அர்த்தமில்லை. பழைய காலத்து நீண்ட வாள்களைப் பிறகு வந்தவர்கள் கீழேயிருந்து வெட்டிக் குட்டையாக்கியபோது பெயர் இருந்த பகுதியே போன அலகுகள் ஏராளம், அவற்றில் உயர்ந்தவையும் உண்டு. அதேபோலப் பெரிய பெயர் இருந்தால் உடனே குதிக்கவும் வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த கொடேட்சு என்ற கொல்லர் பெயரில் அவர் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே பொய்க் கையெழுத்து போட்டார்கள் என்பது ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் முந்தின பெரிய கொல்லர் மசமுனே பெயரும் அப்படித்தான், அவர் தன் வாள்களில் பெயர் வெட்டியதே அபூர்வம். எங்கள் வாள் மாதிரிப் போர்க்காலத்து செகி வாள்களில் இன்னொரு விஷயமும் உண்டு: பெயரை வெட்டுவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள், கொல்லர் அடிப்பார், இவர்கள் அவர் பெயரை வெட்டுவார்கள். ஆக நான் தேய்த்தது அந்தக் கொல்லரின் கை எழுத்தாகவே இல்லாமலும் இருக்கலாம், ஆனால் அவருடைய பெயர்.

அடுத்தது பதம். இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் அப்படி. பழைய முறையில் அவர்கள் இரும்பு மணலைக் களிமண் உலையில் கரி போட்டு உருக்கி எடுக்கும் எஃகை, தமாஹாகனே என்பார்கள், மடித்து மடித்து அடித்து அலகாக்குகிறார்கள். அப்புறம் அலகு முழுக்கக் களிமண் பூசுவார்கள், முதுகுப் பக்கம் கனமாக, கூர்ப் பக்கம் மெல்லியதாக. சூடேற்றித் தண்ணீர் காட்டும்போது கூர்ப் பக்கம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரிக் கெட்டியாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளையும் தன்மையோடு நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பனி படர்ந்தது போல ஒரு வெண்கோடு விழும், ஹாமோன் என்கிறார்கள். நிஜமானதை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குள் மணல் தூவியது போல மினுக்குகள் தெரியும். ஒரு நிமிஷம் பார்த்தாலே மனசு அதில் நின்றுவிடும். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்ததால் ஆலையில் வந்த எஃகை எடுத்து எண்ணெயில் பதம் போட்டார்கள். எண்ணெயில் போட்டால் விரிசல் குறைவு, வேலை வேகம், ஆனால் அந்த மினுக்கு வராது. எங்கள் வாளில் கோடு இருக்கிறது, மினுக்கு இல்லை. இது பழைய முறையில் அடித்ததில்லை, போர்க்கால முறையில் செய்தது என்பதைத்தான் அந்த செகி முத்திரையும் சொல்கிறது.

இப்போது விற்கும் நகல்களில் கோட்டை ஆசிட்டாலோ கம்பி பிரஷ்ஷாலோ வரைந்துவிடுகிறார்கள். கூர்ப் பக்கத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் மேலே மட்டும் ஒரு அலை ஓடும். ராயபுரத்தில் என் நண்பர் ஒருவர் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்த 'சாமுராய் வாள்' ஒன்றின் பிடியைக் கழற்றினால், காம்பே இல்லை, மரை போட்ட கம்பி ஒன்றை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். அதை ஓங்கி வீசினால் அலகு பறந்து பக்கத்தில் இருப்பவர் மேல் விழும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது. இன்னொரு வகையும் இருக்கிறது: சார்ஜென்ட் மட்டத்தவருக்கு 1935 மாதிரி, பிடி முழுக்க உலோக வார்ப்பு, நாடா சுற்றிய மாதிரி அச்சிலேயே வார்த்திருப்பார்கள். அது இயந்திரத்தில் செய்த வாள், அலகிலேயே நம்பர் குத்தியிருக்கும், உறையிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். அதில் கொல்லர் பெயரைத் தேட வேண்டாம். போலிகள் இந்த வகையில்தான் நிறைய வருகின்றன, நம்பர் குத்தின விதமும் வார்ப்பின் சொரசொரப்பும் பார்த்தாலே காட்டிக்கொடுக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வாள் விஷயம் வெளியே தெரிந்ததும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பழம்பொருள் வியாபாரி, நாலாயிரம் தருகிறேன், காயலான் கடையில் போட்டால் இதுகூடக் கிடைக்காது என்றார். இன்னொருவர் கோடிக்கணக்கில் போகும், ஜப்பானிலிருந்து சர்டிபிகேட் வாங்க முன்பணமாகப் பதினைந்தாயிரம் கொடுங்கள் என்றார். நைனா இருந்திருந்தால் கொடுத்திருப்பார். விஷயம் என்னவென்றால், டோக்கியோவில் 1948இல் தொடங்கிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது, நிபுணர் குழு நேரில் அலகைப் பார்த்துத்தான் சான்றிதழ் தரும். பழைய முறையில் அடித்த வாளுக்குத்தான் தரும். செகி முத்திரை உள்ள போர்க்கால வாளுக்குத் தருவதில்லை. அது மட்டுமில்லை, அந்த மாதிரி வாளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே சட்டம் இடம் தராது, கலைப்பொருளாக அல்லாமல் ஆயுதமாகத்தான் பார்ப்பார்கள். ஆகவே படத்தை மட்டும் பார்த்து சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர்ச் சட்டமும் இருக்கிறது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் அலகு நீளமுள்ள வாள்களும் வருகின்றன. எந்தப் பகுதியில் உரிமம் வேண்டும் என்பது அரசின் அறிவிக்கையைப் பொறுத்தது, அதனால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து உங்கள் வீட்டு நிலைமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவின் பட்டாளத்துப் புத்தகம், பதக்கம், பழைய படம் எது இருந்தாலும் வாளோடு சேர்த்து வையுங்கள், எப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அலகு 100 வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தில் வரும் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு ஆள் வாங்குகிறார் என்று யாராவது வந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு ரொம்பச் சுலபம். நம் பக்கத்துக் கடல்காற்றில் கதவுக் கீலே இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கிறது, அலகு என்ன ஆகும்? தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, மெத்தென்ற பருத்தித் துணி, மெல்லத் துடைத்து வைத்தால் போதும், மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுப்பாகி அழுக்கைப் பிடிக்கும். அலகை வெறும் விரலால் தொட வேண்டாம், வியர்வை பட்ட இடத்தில் ரேகையோடு துரு வரும், எங்கள் வாளில் ஒரு கட்டைவிரல் அப்படியே இருக்கிறது. புளி, சாம்பல், பித்தளைப் பாலிஷ், உப்புத்தாள் எதுவும் கூடாது. சாணை பிடிப்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது கூர் வைப்பது, ஆனால் ஜப்பானில் அலகைத் தீட்டுவதற்கென்றே வருஷக்கணக்கில் படித்தவர்கள் இருக்கிறார்கள், கல்லுக்கு மேல் கல்லாக மாற்றி நாள்கணக்கில் கையால் தேய்ப்பார்கள், சக்கரத்தில் ஒரு தடவை காட்டினால் பதமே போய்விடும். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. சந்தனமும் குங்குமமும் உறைக்கு வையுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வையுங்கள், அலகில் செருகாதீர்கள், அந்தப் புளிப்பு இரவு முழுக்க இரும்பைத் தின்னும். காம்புக்கு எண்ணெய்கூட வேண்டாம், தொடவே வேண்டாம்.

இனி என் வேண்டுகோள். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இலிருந்து இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். பிரிட்டிஷ்காரர் அந்த ஆயுதசாலையைக் கலைத்தபோது நல்லதைப் பொறுக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பழைய இரும்பாக விற்றார்கள். உருக்கு செய்து உலகத்துக்கு அனுப்பிய ஊர் நம்முடையது, கொடுமணலில் தோண்டினால் அந்த உலைகளின் தடயம் கிடைக்கிறது. நம்முடைய எத்தனை வாளை யார் செய்தார் என்று இனிமேல் யாருக்கும் தெரியாது. வந்து சேர்ந்த பிறத்தியாருடைய வாளுக்காவது அந்தக் கதி வர வேண்டாம். வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அருங்காட்சியகத்திலிருந்து விஷயம் தெரிந்தவர்கள் வடசென்னைக்கு வந்து ஒரு சமுதாய நலக்கூடத்தில் உட்கார்ந்தால் போதும். மலாயாவிலிருந்து வந்த வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு, பர்மாவில் எடுத்த படம், பட்டாளத்துப் பதக்கம், இந்த மாதிரி வாள்களின் காம்புப் படம் எல்லாம் வரும். எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பார்த்து, படம் எடுத்து, யார் வீட்டுக்கு எப்படி வந்தது என்று எழுதி வைத்தால் போதும். பயந்துகொண்டு பரணிலேயே வைத்திருப்பவர்கள் வெளியே சொல்ல ஒரு இடம் கிடைக்கும், போலீசிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யலாம். ஜப்பானிய மொழி படித்த பிள்ளைகள் இப்போது சென்னையில் எத்தனையோ பேர், கூப்பிட்டால் வருவார்கள், எங்கள் தெருப் பெண் முதல் ஆளாக வருகிறேன் என்றாள்.

எங்கள் வாளை விற்பதில்லை என்று நானும் தங்கையும் பேசி முடிவெடுத்துவிட்டோம். போல்ட்டை எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த மூங்கிலில் ஒரு ஆணி சீவிப் போட்டிருக்கிறேன். 66 சென்டிமீட்டர் அலகு, எடை, முத்திரை, வருடம், கிடைத்த விதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஆயாவின் தம்பியைப் பற்றித் தெரிந்ததையும் அதே நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது. இரண்டாவது எழுத்தில் மிஞ்சிய அந்த இரண்டு கோடுகளைப் பல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பழைய ஜப்பானிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது இந்த ஊரில் இருந்தால் உங்கள் அலுவலகம் வழியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். படங்களோடு எந்த நாளும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
ராயபுரம், சென்னை